மேலடுக்கில் இருந்த அட்டை

உடும்பஞ்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் இடுப்பு என்னோடு இறங்கவில்லை. முதலமடையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மூணாறு, மூணாறிலிருந்து இங்கே. நான்கு பஸ்ஸிலும் எனக்குக் கிடைத்தது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட். சௌதா அக்காவுக்கு மட்டும் எப்படியோ ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

“அக்கா, நம்ம தேடி வந்த இந்த ரிஜின் பய கெடைக்கலீன்னா நான் இங்கயே ஏலக்கா பறிக்கச் சேந்துக்கறனுங்க. திரும்பவும் அந்த பஸ்ல ஏற மாட்டேன்.”

“சேந்துக்கோ. முதல்ல வழியைக் கேளு.”

அக்கா அவ்வளவுதான் பேசுவார். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். அதைத் திறக்கும் முன் அக்கா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, இடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர். மோதிய வண்டி எது, மோதியதாகச் சொல்லிப் பணம் கேட்கும் வண்டி எது என்பதை பம்பரைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் பூபதிராஜா, அவருடைய உதவியாளன். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கனவே நிச்சயம் ஆனதா என்று விசாரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. உருப்படியான கேஸ் எப்போதாவது ஒன்று வரும். வந்தது இப்படி இடுப்பை ஒடிக்கிறது.

கேஸ் இதுதான். முதலமடையில் குப்பண்ணனின் மாங்காய் ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் பெட்டி கட்டுகிறார்கள். அங்கே பழம் வாங்கும் வடநாட்டுக் கம்பெனி, இந்த சீசனுக்கு அவர்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கார்டு அனுப்பியது. ஆன்லைன் கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். பெண்களுக்கு வேண்டியது சாமான் இல்லை, காசு. எல்லோரும் சேர்ந்து கார்டுகளை நர்மதாவிடம் கொடுத்து விற்றுத் தரச் சொன்னார்கள். ஷெட்டிலேயே போனில் விவரமானவள் அவள்தான். கார்டு வாங்கி விற்கும் குரூப் ஒன்றில் விளம்பரம் போட்டாள். உடும்பஞ்சோலை ரிஜின் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டான். உடுமலை பஸ் ஸ்டாண்டில் நேரில் சந்தித்தார்கள். அவன் போனில் பணம் அனுப்பினான். அது கணக்கில் விழுந்த பிறகே அவள் கார்டுகளைக் கொடுத்தாள். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

மறுநாள் பிரித்துக் கொடுக்கலாமென்று பணம் எடுக்கப் போனால் கணக்கு முடக்கம். இடுக்கியிலிருந்து ஒரு புகார் என்றார்கள் பாங்கில். அதற்கு மேல் கேட்டால் மேலிடத்தில் கேளுங்கள் என்றார்கள். மேலிடம் எது என்று கேட்டதற்கு அவர்களுக்கே தெரியவில்லை.

பெண்களிடம் இப்போது கார்டும் இல்லை, காசும் இல்லை. நர்மதா சாப்பிட்டுவிட்டாள் என்று பேச்சு. நாளை காலை பதினோரு பேரும் சேர்ந்து ஸ்டேஷனில் அவள்மேல் புகார் கொடுக்கப் போகிறார்கள். எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. “திருடின்னு சொல்லிப் போட்டாங்கக்கா. என்ற பையனோட பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருச்சு. இனி எந்த ஷெட்டுல என்னையச் சேப்பாங்க?”

எங்களை அமர்த்தியது ஷெட் முதலாளி குப்பண்ணனே. நேற்று வீட்டுக்குக் கூப்பிட்டு, புது பிரிட்ஜிலிருந்து ஜில்லென்று மோர் கொடுத்தார். பிரிட்ஜ் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. விஷுவுக்கு ஆன்லைனில் வாங்கியது என்று அதன் இரண்டு கதவுகளையும் திறந்து காட்டினார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

“அந்த இடுக்கிக்காரன்தானுங்க மேடம். கார்டையும் வாங்கிட்டான், பொய்ப் புகார் கொடுத்துப் பணத்தையும் முடக்கிப் போட்டான். அவனைப் புடிங்க. போலீஸெல்லாம் எதுக்குங்க, நம்ம ஷெட்டு பேரு கெட்டுப் போயிரும்” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இந்த மாதிரி ஆட்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

ரிஜினைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. போன் எடுக்கவில்லை. எடுத்தால் சிக்னல் இல்லை. வழி கேட்ட இடத்திலெல்லாம் கையை நீட்டி “இந்தா, இங்கனதான்” என்றார்கள். அந்த இங்கன ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில், சூட்டில் வேர்த்து நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஓடிவிடுவான் என்று நான் வாசலை மறித்து நின்றேன்.

அவன் ஓடவில்லை. முதலமடையிலிருந்து வருகிறோம் என்று அக்கா சொன்னதும் நேராக எங்களிடம் வந்தான்.

“முதலமடையா? அந்தக்கா அனுப்புன ஆளுகளா? என் காசை எப்பக் குடுக்கப் போறாக?”

“உன்ற காசா? நல்லா இருக்குதே கதை” என்றேன்.

“கதையா? இருங்கண்ணே.” உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து ஏலக்காய் மூட்டைமேல் கொட்டினான். கார்டுகள். “பன்னெண்டு கார்டு. சுரண்டிப் பாத்ததுல ஒண்ணைத் தவிர எதுலயும் பத்து பைசா இல்ல. தங்கச்சிக்கு லேப்டாப் வாங்க நகைய அடகு வச்ச காசுண்ணே. கஸ்டமர் கேருக்கு அடிச்சா, ஏற்கனவே உபயோகிச்சாச்சுங்கிறாக. யாரு, எப்பன்னு கேட்டா சொல்ல மாட்டாகளாம். பெறகு நான் சைபர்ல புகார் குடுக்காம என்ன செய்ய? அந்தக்கா நம்பர்தான எங்கிட்ட இருந்துச்சு.”

எனக்கு அப்படியே தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. நான்கு பஸ் மாறி, ஒரு மலையைச் சுற்றி வந்து பிடித்த திருடன், எங்களைவிட அதிகமாக ஏமாந்தவனாக இருந்தான்.

அக்கா கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் பட்டையைச் சுரண்டிக் கூழாக்கியிருந்தான். ஒன்று மட்டும் சுரண்டாமல் இருந்தது.

“இதை ஏன் விட்டே?”

“பதினொண்ணு பாத்தேன். வேணாம்னு இருந்துச்சு. போலீஸ் கேட்டா முழுசாக் காட்டலாம்னு வச்சுட்டேன்.”

“நல்ல காரியம் செஞ்சே.” அக்கா நகத்தைப் பட்டையின் ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினார். பட்டை சுரண்டலாக உதிரவில்லை. முழுசாக, ஸ்டிக்கராக உரிந்து வந்தது.

ரிஜின் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

“கம்பெனி போட்ட பூச்சு இப்படி உரியாது. யாரோ முன்னாடியே சுரண்டி, நம்பரை எடுத்துட்டு, மேலே புதுசா ஒட்டியிருக்காங்க. இந்த ஸ்டிக்கர் ரோல் ரோலா ஆன்லைன்லயே கிடைக்குது.” கார்டைத் திருப்பி என்னிடம் நீட்டினார். “அடியில என்ன இருக்கு, சொல்லு.”

ஸ்டிக்கர் இருந்த இடத்தில், நம்பரின் கடைசி எண்மேல் கருப்பாக ஒரு பொட்டு. மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம்தான் வந்தது. அந்த இடத்தில் என் செருப்பைத் தூக்கிப் பார்த்தாலும் ஏலக்காய் வாசம்தான் வரும். ஆனால் முதலமடைப் பக்கம் பிறந்தவனுக்கு அந்தக் கறையை மோந்து பார்க்க வேண்டியதில்லை. மாங்காய்க் காம்பை ஒடித்தால் வடிகிற பால். பட்ட இடத்தில் காய்ந்து கருத்துப் போகும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

“மாம்பாலுங்க” என்றேன்.

“ஸ்டிக்கருக்கு மேலேயா, அடியிலயா?”

“அடியில.”

“அப்போ கார்டைத் திறந்தது இந்த மலையில இல்லை. மாங்காய் இருக்குற ஊர்ல.” அக்கா ரிஜின் பக்கம் திரும்பினார். குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. “ஏன்ப்பா, காசு கொடுக்கும் முன்னே நீ எதையுமே பார்க்கலையா?”

“பாத்தேங்க்கா. அந்தக்காவே மேலாக்க இருந்ததை எடுத்து, சாம்பிளுக்கு இதைச் சுரண்டிக்கங்கன்னாக. அங்கயே போன்ல போட்டுப் பாத்தேன், ஐயாயிரம் சுளையா இருந்துச்சு. பெறகென்னன்னு எல்லாத்துக்கும் காசு போட்டுட்டேன்.”

“ஏலக்கா மூட்டை வாங்குறப்போ சாம்பிள் எங்கேருந்து எடுப்பே?”

“நடு மூட்டையில குத்தித்தான். மேலாக்க எவன் எடுப்பான்.” சொல்லிவிட்டு அவனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “இது அட்டைதானன்னு இருந்துட்டேன்.”

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. மாங்காய் வாங்க வருகிறவனுக்குப் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை அறுத்துக் காட்டுவோம். அறுத்தது இனித்தால் பெட்டி முழுக்க விலை பேசி முடித்துவிடுவார்கள். நர்மதாவுக்கு விற்பனை என்றால் அதுதான் தெரியும். அட்டையையும் அப்படியே அறுத்துக் காட்டியிருக்கிறாள். அட்டை ஒரே மரத்தில் காய்ப்பதில்லை என்று அவளுக்கும் தோன்றவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டையும் அங்கேயே ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்ததற்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் நான் இன்று வீட்டில் மல்லாந்து படுத்திருப்பேன்.

ரோட்டுக்கு வந்து சிக்னல் பிடித்து அக்கா நர்மதாவுக்கு அடித்தார். நானும் காதைக் கொடுத்தேன்.

“சாம்பிளுக்குக் கொடுத்தியே, அது யாரோட கார்டு?”

“என்றதுதானுங்கக்கா. அடுத்தவங்களுதைச் சுரண்டறது தப்பில்லீங்களா? அதான் என்றதை மேலால வெச்சுக் கொண்டு போனேன்.”

பதினோரு கார்டும் காலி, பணம் இருந்த ஒரே கார்டு அவளுடையது. திறந்தது மாங்காய்க் கை. ஷெட்டிலேயே இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் அவள். மாடிப்படியில் அழுத முகம் நினைவுக்கு வந்தது. அவ்வளவு நன்றாக அழத் தெரிந்தவளுக்காகவா நான் இந்த இடுப்பைக் கொடுத்தேன் என்று கோபம் கோபமாக வந்தது.

“கேஸ் முடிஞ்சுதுங்கக்கா. நம்ம ஆளேதான் திருடி. போலாம்.”

அக்கா போனைக் காதில் வைத்தபடியே தள்ளிப் போய் நர்மதாவிடம் வேறு ஏதோ கேட்டார். திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், பின்சக்கரத்துக்கு மேலேதான், என்னைக் கேட்டார்.

“பூபதி, பன்னெண்டு கார்டுல பதினொண்ணைக் காலி பண்ற ஆளு நீ. கையில காசு வந்தாச்சு. அப்புறமும் காலிக் கார்டை விற்க, உன் மூஞ்சியைக் காட்டி, உன் சொந்தக் கணக்கு நம்பரையும் கொடுத்துட்டு வருவியா?”

யோசித்தேன். “மாட்டனுங்க. கார்டு தொலைஞ்சு போச்சும்பேன்.”

“அவ்வளவுதானே. இப்போ இதைச் சொல்லு. எல்லாக் கார்டும் உன் கைக்கு வருது. பதினொண்ணை எடுக்குறே, ஒண்ணை விட்டு வைக்குறே. எதை?”

“சாமி கும்பிட்டுக் கண்ணை மூடி எடுத்ததைங்க.”

“வெறுதே உளறாதே. பதினோரு பேரு அட்டையைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. ஒருத்தி மட்டும் வாங்கின அன்னிக்கே போன்ல போட்டுப் பார்ப்பா. பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு மத்தவங்ககிட்டயும் சொல்லுவா.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எனக்கு உறைத்தது அந்தக் குலுக்கல் அல்ல, அக்கா சொன்னது.

“மேலடுக்குல நல்ல பழம்” என்றேன்.

“ஆனா அவ சுரண்டலை. சுரண்டின கார்டை எவனும் வாங்க மாட்டான்னு அப்படியே வெச்சுட்டா. எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டுபோய் விற்பான்னும் அந்த ஆளு நினைக்கலை. அங்கதான் பிசகிடுச்சு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் என்று கேட்டேன். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டார். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் நுழைந்தபோது பெண்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள். பழனாத்தாள் முன்னால் நின்றாள். இருப்பதில் வயதும் குரலும் அவளுக்குத்தான் அதிகம். நர்மதா மூலையில் காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை. குப்பண்ணன் சீசனின் கடைசிக் காய்களை எடுத்து, காம்பை ஒடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். இடுக்கிக்காரன் மாட்டுனானுங்களா?”

“அவன் ஏமாந்தவன். கார்டு இங்கேருந்தே காலியாத்தான் போயிருக்கு.”

பதினோரு முகங்களும் மூலைக்குத் திரும்பின. நர்மதா தரையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அக்காமேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. சொல்வதை ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்தால் என்ன?

“பழனாத்தாள் அம்மா, கார்டு பார்சல் இந்த ஷெட்டுக்கு எப்போ வந்தது?”

“விஷுவுக்கு முன்னாடிங்க. நாந்தான் வாங்கி அண்ணன் கையில குடுத்தேன். நல்ல நாள் பாத்துத் தர்றேன்னாரு. விஷு கழிஞ்சு ஒரு வாரம் பொறகுதான் குடுத்தாரு.”

“அது வரைக்கும் யாருகிட்ட இருந்தது?”

“அண்ணன் ஊட்டுலதான்.”

குப்பண்ணன் சிரித்தார். “பீரோவுல பத்திரமா வெச்சிருந்தனுங்க மேடம். எனக்கு அதுல எங்கீங்க விவரம்.”

“சரிதான். அது போகட்டும்.” அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “அன்னிக்கு மோர் நல்லா இருந்ததுண்ணா. அந்த பிரிட்ஜுக்கு எப்படிப் பணம் கட்டினீங்க?”

“அதுக்கும் இதுக்கும் என்னங்க? வண்டி வந்தப்ப கையில எண்ணிக் குடுத்தனுங்க.”

பழனாத்தாள் குறுக்கே பேசினாள். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“எங்கீங்க குடுத்தீங்க? வண்டிக்காரன் போன்ல வந்த நம்பரைத்தானுங்க கேட்டான். நீங்க சொன்னீங்க, அவன் எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். டீக்குக்கூடக் காசு தரலீன்னு மொணகிட்டுப் போனான். நாங்க பக்கத்துலதான நின்னோம். வாசல்ல இருந்து அதைத் தூக்கி ஊட்டுக்குள்ள வெச்சதே நாங்கதானுங்க.”

“அப்போ பாங்க்லருந்து கட்டியிருப்பீங்க. மெசேஜ் வந்திருக்கும். காட்டுங்க” என்றார் அக்கா.

குப்பண்ணனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கட்டைவிரலில் மாம்பால் கருத்துக் கிடந்தது.

“என்ற போனை நான் எதுக்குக் காட்டோணும்?” குரல் உயர்ந்தது. “கம்பெனிக்காரன் சும்மா குடுத்ததுதான? இவங்களுக்குக் கூலியில ஒரு ரூவா கொறச்சிருக்கனா? என்ற காய், என்ற ஷெட்டு. இவங்களுக்கெதுக்கு ஆன்லைனு?”

ஐயாயிரம் வீதம் பதினோரு கார்டு. இரண்டு கதவு பிரிட்ஜ். நான் கணக்கில் எவ்வளவு மோசம் என்றாலும் இது தெரிந்துவிட்டது.

“உங்ககூட மூணு சீசனாப் பெட்டி கட்டறனுங்க” என்றாள் நர்மதா. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “நல்லதை மேலால வெச்சுக் கட்டு புள்ள, பாக்கறவன் அதைத்தான் எடுப்பான்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்க. என்றதையும் சேத்து எடுத்திருந்தீங்கன்னா, திருடின்னு பேராச்சும் எனக்கு வந்திருக்காது.”

குப்பண்ணன் கையிலிருந்த மாங்காயைப் பெட்டியில் வைத்தார். பழக்க தோஷம், மேலேதான் வைத்தார்.

அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரிஜினின் பணத்தைக் குப்பண்ணன் இன்றைக்கே அனுப்ப வேண்டும். அவன் புகாரை வாபஸ் வாங்கினால் நர்மதாவின் கணக்கு திறக்கும். அது வாரக்கணக்கில் இழுக்கும். பாங்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரைக்கும் பெண்களுக்குக் கையில் ஒன்றும் வராது. ஸ்டேஷனுக்குப் போவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

“ஸ்டேஷனுக்குப் போறதுதானுங்க” என்றாள் பழனாத்தாள். “பேரு மட்டும் மாத்தி எழுதோணும். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்குது.”

நர்மதாவிடம் போனாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா புள்ள. அன்னிக்கு உள்ள வெக்கறப்ப அந்தப் பக்கம் புடிச்சது நீதான? இன்னைக்கும் நீயே புடி. காசு வர்ற வரைக்கும் ஷெட்டுல கெடக்கட்டும்.”

பன்னிரண்டு பேரும் குப்பண்ணனைத் தாண்டி அவருடைய வீட்டை நோக்கிப் போனார்கள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்கள்.

எனக்கு வேறு கவலை. “அக்கா, நம்மளை அமத்தினவரே கள்ளன். நாலு பஸ் டிக்கெட்டுக்கு யாருகிட்டீங்க பில் குடுக்கறது?”

“அதை அப்புறம் பார்க்கலாம். நீ போய் ஒரு பக்கம் புடி.”

“நானா? என்ற இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு...”

“எத்தனை டம்ளர் மோர் குடிச்சே?”

இரண்டு. நான் போய் பிரிட்ஜின் ஒரு மூலையைப் பிடித்தேன்.